எலும்பும் தோலுமான மாடு

அன்புள்ள ஐயா,

முதுகலை மானுடவியல் படிக்கிறேன். களப்பணிக்காக ஒரு மலைக்கிராமத்தில் பத்து நாள் தங்கினோம். கையில் நாற்பது கேள்விகள். எதைக் கேட்டாலும் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வெளியாள் ஒருவர் இன்னொரு சமூகத்தைப் புரிந்துகொள்ள முடியுமா? வருஷக்கணக்கில் தங்கினால் மட்டும் என்ன கூடுதலாகத் தெரிந்துவிடும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு மாடுதான் நினைவுக்கு வந்தது.

ரிச்சர்ட் லீ என்ற மானுடவியலாளர் 1963இல் தெற்கு ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்துக்குப் போனார். இன்றைய போட்ஸ்வானாவில் டோபே என்ற இடம். வேட்டையாடியும் கிழங்கு, கொட்டை சேகரித்தும் வாழ்ந்த குங் மக்கள் எதை, எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுப்பது அவர் வேலை. தன் சாப்பாட்டைப் பகிர்ந்தால் கணக்கு கெட்டுவிடும். அதனால் மாதக்கணக்குக்கான டப்பா உணவை அடுக்கிவைத்துக்கொண்டு தான் மட்டும் சாப்பிட்டார். அன்றன்றைக்குக் கிடைத்ததைப் பங்கிட்டு உண்ணும் ஜனங்களுக்கு நடுவில்! கஞ்சன் என்று பேர் வாங்கினார்.

அந்தப் பேரைப் போக்க, ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊர் விருந்து வைக்க நினைத்தார். 500 கிலோவுக்கு மேல் இருக்கும், கொழுத்த மாடு. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். எலும்பும் தோலுமாக இருக்கிறது, கொம்பையா தின்பது, பசியோடு சண்டைதான் வரும் என்றார்கள். லீ நொந்துபோனார். அறுத்துப் பார்த்தால் அத்தனை தடிமனாகக் கொழுப்பு. அவர்களோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இரண்டு நாள் ஆட்டமும் சாப்பாடுமாகப் போயிற்று. 14 பானைக் கறி.

அப்புறம் காரணம் கேட்டார். நிறையக் கறி கொண்டுவருகிறவனுக்குத் தான் பெரிய ஆள், மற்றவர்கள் தன் வேலைக்காரர்கள் என்ற நினைப்பு வந்துவிடுமாம். அந்தத் திமிர் ஒருநாள் கொலையில் முடியும். அதனால் அவன் கறியை மட்டம்தட்டி மனசைக் குளிரவைப்பார்களாம்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, சாப்பாட்டையே ஆராய வந்தவருக்கு இது பிடிபட்ட நேரம். கறி கொடுக்காதவரை அவர் வேடிக்கை பார்ப்பவர். கொடுத்ததும் வேட்டைக்காரனுக்கு விழும் அதே பேச்சு அவருக்கும் விழுந்தது. எந்தக் கேள்வித்தாளில் இதை எழுதிக்கொண்டு போயிருக்க முடியும்? அதற்குத்தான் அத்தனை நாள் தங்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. இதைப் படித்த உடனே, விருந்தாளிக்கு வாய்க்கு ருசியாகச் சமைத்துவிட்டு "ஏதோ இருக்கிறதைச் சாப்பிடுங்க" என்று நாம் சொல்வதில்லையா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நம் வீட்டில் கொடுப்பவர் தாழ்த்திச் சொல்வார். சாப்பிட வந்தவர் சாம்பாரைப் பழித்தால் பந்தி என்னாகும்? அங்கே வேட்டைக்காரனும் தன்னைத் தாழ்த்திக்கொள்வான், வாங்குகிறவர்களும் சேர்ந்து பழிப்பார்கள். நமக்குத் தெரிந்ததோடு அவசரமாக முடிச்சுப் போட்டால் இந்த இரண்டாவது பாதி கண்ணில் படாது.

சரி, உங்கள் கிராமத்துக்கு வருவோம். அந்த "ஆமாங்க"வைத் தோல்வி என்று தள்ளிவிடாதீர்கள். வந்த வெளியாட்களை வலிக்காமல் அனுப்பிவைக்க அவர்கள் பழகிய வழியாக இருக்கலாம். மறுபடி போங்கள். தாளை வீட்டில் வைத்துவிட்டு, சுமக்கவோ அறுக்கவோ கூட நில்லுங்கள். கொஞ்சம் பழகிய பிறகு, போன தடவை வந்த உங்களுக்கு அவர்கள் என்ன பேர் வைத்தார்கள் என்று கேளுங்கள். அதை எனக்கும் எழுதுங்கள்.