மேஜர் அல்ல, சிப்பாய் பதில்கள்

கேள்வி: 1971 பாகிஸ்தான் போருக்குப் போன தாத்தா அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. சிப்பாய் வாழ்க்கை எப்படி இருக்கும் ஐயா? (வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: நானும் அந்தப் போருக்குப் போனவன்தான்மா. காசிமேட்டில் வலை இழுத்துக்கொண்டிருந்தேன். பட்டாளத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சியில்தான் முதன்முதலாக பூட்ஸ் போட்டேன், காலெல்லாம் கொப்புளம். டிசம்பர் 3-ல் தொடங்கிய போர் 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததும் முடிந்தது. எங்களுக்கு அது பெரும்பாலும் குழி தோண்டுவதும், ஈர சாக்ஸும், காத்திருப்பும்தான். ஆனால் ராத்திரி பீடிக்கு நெருப்பு கேட்டவன் காலையில் இல்லை. அதை வீட்டில் எப்படிச் சொல்வது? ஊர் திரும்பி குடோன் வாட்ச்மேன் ஆனேன். சைரன் கேட்டால் இன்றும் கை துப்பாக்கியைத் தேடும். தாத்தாவிடம் சண்டையைக் கேட்காதே. அங்கே என்ன சாப்பிட்டீங்க, யாருடன் சீட்டாடினீங்க என்று கேள். பேசுவார். பட்டாளத்தை விட்டு வரும்போது அவருக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பத்திரப்படுத்து. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.