டார்ஜிலிங் இன்ஜின் தகடு: எழுபதாயிரம் தகுமா?

கேள்வி: டார்ஜிலிங் குட்டி ரயில் இன்ஜினில் இருந்தது என்று சொல்லி, புரோக்கர் ஒருவர் பித்தளைத் தகடு ஒன்றைக் காட்டினார். 'ஷார்ப் ஸ்டூவர்ட், அட்லஸ் ஒர்க்ஸ், மான்செஸ்டர், 1892' என்று இருக்கிறது. எழுபதாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இன்ஜின் தயாரித்த ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி 1888-லேயே மான்செஸ்டரைக் காலி செய்துவிட்டு கிளாஸ்கோவுக்குப் போய்விட்டது. அங்கே எடுத்துக்கொண்ட தொழிற்சாலைக்கும் அட்லஸ் என்றே பெயர் வைத்தார்கள். உங்கள் தகட்டைச் செய்தவர் அட்லஸ் என்ற பெயரை மட்டும் பார்த்து ஊரைக் கோட்டைவிட்டுவிட்டார். டார்ஜிலிங்கின் பேர்போன 'பி' வகை இன்ஜின்கள் 1889 முதல்தான் வரத் தொடங்கின. அதனால் அந்த வகைக்கு இந்தக் கம்பெனியின் தகடு என்றால் கிளாஸ்கோ என்றுதான் இருக்க வேண்டும். 1903-இல் அந்தக் கம்பெனி வேறு இரண்டு கம்பெனிகளோடு சேர்ந்து நார்த் பிரிட்டிஷ் என்ற கம்பெனி ஆகிவிட்டது. ஆகவே 1910 என்று போட்ட ஷார்ப் ஸ்டூவர்ட் தகடு வந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

ஊரும் வருடமும் சரியாக இருந்தால் டேப்பை எடுங்கள். அசலை மணலில் பதித்து அச்செடுத்துப் போலியை ஊற்றினால், பித்தளை ஆறும்போது சுருங்கும். ஓர் அடிக்குக் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் குறையும். எழுத்தின் ஓரமும் மழுங்கியிருக்கும். தகட்டைத் திருப்பியும் பாருங்கள். முன்பக்கத்துக்கு நூறு வயது, பின்பக்கத்தில் நேற்றுப் பிடித்த கிரைண்டர் கோடு என்றால் சமாச்சாரம் புரிந்துவிடும். அசலே கிடைத்தாலும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தகட்டில் உள்ள அதே இன்ஜின் எண்ணில் இன்னொரு தகடு வேறொருவரிடம் இருந்தால் உடனே போலி என்று முடிவுகட்டாதீர்கள். இன்ஜினின் இரு பக்கமும் ஒவ்வொரு தகடு பொருத்துவது வழக்கம். இடது பக்கத் தகடு ஒருவரிடமும் வலது பக்கத் தகடு இன்னொருவரிடமும் போயிருக்கலாம். இரண்டுமே அசலாக இருக்கலாம். மூன்றாவது முளைத்தால்தான் வம்பு.

அப்புறம் காகிதம். புரோக்கர்கள் காட்டுவது பெரும்பாலும் ரயில்வே கழிவு ஏல ரசீதின் ஜெராக்ஸ். அதில் 'பித்தளைக் கழிவு' என்று மொத்த எடை இருக்கும். உங்கள் தகடு அந்தக் குவியலில்தான் இருந்தது என்பதற்கு அது என்ன சாட்சி? திருட்டுப்போன ரயில்வே சொத்து என்று நியாயமான சந்தேகம் வந்துவிட்டால், முறையாகக் கிடைத்தது என்று நிரூபிக்க வேண்டியவர் வைத்திருப்பவர்தான். 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. 5 ஆண்டு வரை சிறை உண்டு. ரயில்வே ஏலம் விடும்போது தகட்டின் எண்ணை ஒரு வரி குறித்து வைத்தால் பாதித் தொல்லை தீரும். அதைச் சொல்லி எழுதினால் மனு மேஜை மேஜையாகச் சுற்றுகிறது, பதில்தான் வருவதில்லை.

'லண்டன் ஏலத்தில் லட்சக்கணக்கில் போகும்' என்பது புரோக்கரின் அடுத்த பாட்டு. நூறு வருடம் தாண்டிய சரித்திரப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விடாது. லண்டன் விலையை வைத்து இங்கே பேரம் பேசுவதில் அர்த்தமே இல்லை.

அந்தத் தகடு உங்களுக்குப் பிடித்துத்தான் இருக்கிறது என்றால் தராசில் வைத்து எடை போடச் சொல்லுங்கள். பழைய பித்தளை விலைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.