காசநோய் உதவித்தொகை வாங்க இடைத்தரகர் எதற்கு?

கேள்வி: என் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர். காசநோய் என்று தனியார் டாக்டரிடம் மருந்து சாப்பிடுகிறார். செலவுக்கு வளையலை அடகு வைத்துவிட்டோம். சம்பளமும் வரவில்லை. அரசுப் பணம் வாங்கித் தர 1,500 ரூபாய் கேட்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், சகோதரி. அவர் செய்து தர அதில் எந்த வேலையும் இல்லை. நோயாளியின் பெயர் 'நிக்‌ஷய்' என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்தில் பதிவாக வேண்டும், வங்கிக் கணக்கு அதில் சேர வேண்டும், அவ்வளவுதான். அதை டாக்டரோ அரசு காசநோய்ப் பிரிவு ஊழியரோ இலவசமாகச் செய்வார்கள். ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வரும். 2024 நவம்பருக்கு முன்பு 500தான். ஆறு மாதச் சிகிச்சைக்கு 6,000 ரூபாய், இரண்டு தவணையாக.

தனியாரிடம் பார்த்தால் இது கிடைக்காது என்று அந்த ஆள் சொல்லியிருப்பார். பலரும் ஏமாறுவது இங்கேதான். கிடைக்கும். தனியார் டாக்டரிடமே தொடர்ந்து பார்த்தாலும் கிடைக்கும். காசநோயாளி விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் தனியார் டாக்டருக்கும் கட்டாயம். "நிக்‌ஷய் நம்பர் என்ன?" என்று அவரிடமே கேளுங்கள். இழுத்தடித்தால் மருந்துச் சீட்டையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அங்கே பதிந்துகொள்வார்கள். காசநோய் மாத்திரையும் அங்கே இலவசம்.

பாஸ்புக்கை மட்டும் பார்த்துக் கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா கொடுத்தது, அவருடைய வங்கி வேறு வங்கியோடு இணைவதற்கு முந்தைய பழைய ஐஎப்எஸ்சி எண் (வங்கிக் கிளையின் அடையாள எண்) இருந்த பாஸ்புக். சிகிச்சை முடியும்வரை பணம் வரவில்லை. இருமுகிற மனுஷியை வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாலு தடவை நடக்கவிட்டார்கள். அந்த ஒரு எண்ணைச் சரிபார்க்க ஒரு போன் போட ஆளில்லையா?

அப்புறம், பெரிய பணம் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் கணவர் சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளருக்கான அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா? பிடித்தால் இந்த வாரமே இஎஸ்ஐ டாக்டரிடம் காட்டி விடுப்புச் சான்றிதழ் வாங்குங்கள். 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்கு அதன் பிறகும் 80 சதவீதம் உண்டு. கம்பெனி மேஸ்திரி இதைச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சத்து மாவு டப்பாவுக்குக் காசு கொட்ட வேண்டாம். முட்டை, நிலக்கடலை, பருப்பு போதும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடப் பார்ப்பார், விடாதீர்கள். நோய் திரும்பினால் வளையலோடு நிற்காது, சகோதரி. சந்தேகம் வந்தால் 1800-11-6666 கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.