ரிக்கார்டு பெட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லண்டனில் இருக்கும் மருமகன், ‘தி டேம்ன்ட்’ என்ற குழுவின் ‘நியூ ரோஸ்’ என்று ஒரு சின்ன ரிக்கார்டு கொண்டுவந்து கொடுத்தார். பிளேயரில் போட்டால் தலைதெறிக்க ஓடுகிறது. மோட்டார் கெட்டுவிட்டதா?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: மோட்டாரைக் கழட்டிப் போட்டுடாதீங்க! சுழலும் தட்டின் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணுங்க. இந்தச் சின்ன ரிக்கார்டுக்கு நிமிஷத்துக்கு 45 சுற்றுதான் கணக்கு; அது வந்தால் பழுதே இல்லை. வண்ணாமடையில் நான் ரேடியோ செட் வைத்திருந்தபோது, கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் முன்னால் இதைத்தான் செய்வேன். பல்லவி கொஞ்சம் இழுத்தாலும் பொண்ணு வீட்டுக்காரர் வாடகையில் கழித்துவிடுவார்.

டேம்ன்ட் ஒரு பங்க் குழு; வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசைதான் பங்க். அவர்கள் வாசித்ததே அந்த வேகம்தான். நம்ம பக்கத்துச் செண்டை மேளம் பதிகாலத்தில் நிதானமாகத் தொடங்கி, காலம் மாறி மாறித்தான் இறுகும். இவர்கள் தொடங்குவதே கடைசிக் காலத்தில். பாடகர் டேவ் வேனியன் கிண்டலாக ஒரு வரி முணுமுணுக்கிறார் (1964இல் வந்த ஓர் அமெரிக்கப் பெண்கள் குழுவின் பாட்டிலிருந்து எடுத்தது). உடனே ரேட் ஸ்கேபீஸின் டிரம், அப்புறம் பிரையன் ஜேம்ஸின் கிட்டார். பாட்டை எழுதியவரும் ஜேம்ஸ்தான். லண்டன் இஸ்லிங்டனில் பாத்வே என்ற குட்டி ஸ்டூடியோவில், எட்டே டிராக்கில் பதிவு செய்தார்கள். தயாரிப்பு நிக் லோ. அந்த டிரம்முக்காகவே இன்னொரு தடவை போட்டுக் கேளுங்க.

திருப்பிப் போட்டால் பீட்டில்ஸின் ‘ஹெல்ப்!’, இரண்டு நிமிஷம்கூட இல்லை. மரியாதை கெட்ட வேலைதான். எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: பங்க் என்றால் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுதானே? ‘நியூ ரோஸை’ ஏன் முதல் பிரிட்டிஷ் பங்க் சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன ரிக்கார்டு) என்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: எல்லாம் தேதிக் கணக்கு, கண்ணு. ‘நியூ ரோஸ்’ 1976 அக்டோபர் 22. பிஸ்டல்ஸின் ‘அனார்க்கி இன் தி யூ.கே.’ நவம்பர் 26. ஐந்து வாரம் முந்திவிட்டார்கள். டேம்ன்டின் கம்பெனி ஸ்டிஃப், அதே வருஷம் 400 பவுண்டு கடனில் தொடங்கியது. பிஸ்டல்ஸ் இருந்ததோ இ.எம்.ஐ. என்ற ரிக்கார்டு கம்பெனி மலையில். 1977 பிப்ரவரியில் முழு ஆல்பத்தையும் டேம்ன்டே முந்திக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் ஊர் உலகத்துக்குப் பிஸ்டல்ஸ் பேர்தான் தெரியும். பத்திரிகைக்குத் தீனி போட்டவர்கள் அவர்கள். பாட்டாகக் கேட்டால் என் ஓட்டு ‘நியூ ரோஸு’க்கே. பிஸ்டல்ஸ் பாட்டில் கோபம் அதிகம், இதில் குஷி அதிகம்.

கேள்வி: ‘நியூ ரோஸை’ எங்கள் மாரியம்மன் நோம்பிக்குக் குழாய் கட்டிப் போடலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஆத்தா ஒண்ணும் சொல்லமாட்டா, கமிட்டித் தலைவரைக் கேட்டுக்குங்க. ஆனால் குழாய் வேண்டாம். டேம்ன்ட் குழுவின் கேப்டன் சென்சிபிள் வாசிக்கும் பேஸ் கிட்டார் அதில் காணாமல் போய், வெறும் தகரச் சத்தம்தான் மிஞ்சும். பெட்டி ஸ்பீக்கர் வாடகைக்கு எடுங்க.