யானைக் கடிகாரமும் குதிரைமயிர்ப் பிழையும்: இஸ்லாமிய உலகின் எந்திரக் கலை, கணிதம் பற்றிய கேள்வி பதில்

மத்திய கால இஸ்லாமிய உலகின் எந்திரங்களையும் கணக்கையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தொழிற்பயிற்சிப் பட்டறையில் பல வருடம் பாடம் நடத்தியவன் நான். அதனால் பித்தளையும் வால்வும் வரும் இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, வணக்கம். அல்-ஜசரியின் யானைக் கடிகாரத்தைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அது எப்படி நேரம் காட்டியது? உள்ளே என்ன இருக்கிறது?

வணக்கம் தம்பி. அல்-ஜசரி இன்றைய துருக்கியில் உள்ள தியார்பக்கிரில், அர்துக்கிய மன்னர்களிடம் வேலை பார்த்தவர். 25 ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, மன்னர் நாசிருத்தீன் மஹ்மூத் கேட்டதன் பேரில், 50 கருவிகளைப் படம் போட்டு விளக்கி 1206-இல் ஒரு நூலை முடித்தார். யானைக் கடிகாரம் அந்த ஐம்பதில் ஒன்று.

யானையின் வயிற்றில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் ஒரு கிண்ணம் மிதக்கிறது. கிண்ணத்தின் அடியில் சிறு துளை. தண்ணீர் மெல்ல ஏறி, அரை மணி நேரத்தில் கிண்ணம் மூழ்கும். மூழ்கும்போது கயிற்றை இழுக்கும். மேலே மாடத்தில் இருக்கும் உலோக உருண்டைகளில் ஒன்று விடுபடும். அந்த உருண்டை பாம்பின் வாயில் விழும். பாம்பு கனம் தாங்காமல் தலை சாய்ந்து, உருண்டையைக் கீழே உள்ள ஜாடியில் போடும். அப்படிச் சாயும்போதே சங்கிலி மூலம் மூழ்கிய கிண்ணத்தை மேலே தூக்கிக் காலி செய்துவிடும். பாகன் அடிப்பான், தாளம் ஒலிக்கும். பாம்பு பழைய இடத்துக்குத் திரும்பும், கிண்ணம் மறுபடி மிதக்கத் தொடங்கும். உருண்டைகள் தீரும்வரை யாரும் கை வைக்க வேண்டாம். விழுகிற உருண்டையின் எடையே அடுத்த அரை மணிக்கான ஏற்பாட்டைச் செய்துவிடுகிறது. முப்பது வருடமாக இதைச் சொல்லிக்கொடுக்கிறேன், இன்னும் வியப்பு அடங்கவில்லை.

கேள்வி: மூழ்கும் கிண்ணம் நம் நாழிகை வட்டில்தானே? பானையில் ஓட்டை போட்டுத் தண்ணீரை ஒழுகவிட்டாலும் நேரம் தெரியுமே, ஏன் கிண்ணம்?

தத்துவம் ஒன்றுதான். துளையிட்ட வட்டில் தண்ணீரில் மூழ்கும் நேரத்தை அளவாகக் கொள்வது நம் நாட்டின் நெடுங்கால வழக்கம். அல்-ஜசரியும் யானையை இந்தியாவின் அடையாளமாகவே வைத்தார் என்று சொல்வதுண்டு.

இரண்டாவது கேள்வி மிகவும் நல்ல கேள்வி. ஒழுகும் பானையில் தண்ணீர் குறையக் குறைய அழுத்தம் குறைகிறது, ஒழுக்கும் மெலிகிறது. முதல் மணி வேகமாகவும் கடைசி மணி மெதுவாகவும் போகும். மிதக்கும் கிண்ணத்தில் அப்படி இல்லை. வெளி நீர்மட்டத்துக்கும் உள் நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தீர்மானிப்பது கிண்ணத்தின் எடை. சுவர் நேராக நிற்கும் கிண்ணமானால் அந்த வித்தியாசம் கடைசிவரை ஏறக்குறைய மாறாது. ஆகவே தண்ணீர் ஏறும் வேகமும் மாறாது.

கேள்வி: அப்படியானால் அவருடைய பெரிய கோட்டைக் கடிகாரம் ஒழுகும் தண்ணீரை நம்பியது எப்படி?

இங்கேதான் அவருடைய உண்மையான பெருமை இருக்கிறது. தண்ணீர் குறையும்போது ஒழுக்கு மெலியும் முதல் சிக்கலை மிதவை வால்வு கொண்டு தீர்த்தார். பெரிய தொட்டியிலிருந்து சிறு அறைக்குத் தண்ணீர் வரும். அறை நிறைந்தால் மிதவை ஏறிக் கூம்பு வடிவ அடைப்பானால் வழியை மூடும். உங்கள் வீட்டு மாடித் தொட்டியில் மிதக்கும் பந்து செய்யும் வேலைதான். சிறு அறையில் மட்டம் மாறாததால் ஒழுக்கும் மாறாது.

இரண்டாவது சிக்கல் கடினமானது. அக்காலத்தில் பகல் எவ்வளவு நீளமானாலும் அதைப் பன்னிரண்டு சம பங்காக்கி அதையே மணி என்றார்கள். கோடையில் மணி நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். ஆகவே ஒழுகும் அளவை ஒவ்வொரு நாளும் மாற்ற வேண்டும். முன்னோர்கள் ஓர் அரைவட்டத்தை ராசிகளாகப் பிரித்து, துளையை அதில் ஏற்றி இறக்கினார்கள். அல்-ஜசரி அதைச் செய்து பார்த்தார், நேரம் ஒத்துவரவில்லை. துளைக்கு மேலுள்ள நீரின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் ஒழுக்கு இரண்டு மடங்காவதில்லை, சுமார் 1.41 மடங்குதான் ஆகும். இந்த வர்க்கமூல விதியை இத்தாலிய அறிவியலாளர் டொரிசெல்லி வெளியிட்டது 17-ஆம் நூற்றாண்டில்தான். விதி தெரியாத அல்-ஜசரி முழுவட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு, தண்ணீரை ஓடவிட்டு அளந்து அளந்து, குறிகளை ஒவ்வொன்றாகப் பொறித்தார். செய்து பார்த்து உறுதிப்படுத்தாத தொழிலறிவு மெய்க்கும் பொய்க்கும் நடுவே ஊசலாடுவது என்ற கருத்தை நூலின் முன்னுரையிலேயே எழுதியவர் அவர்.

கேள்வி: கிராங்கைக் கண்டுபிடித்தவர் அல்-ஜசரிதான் என்று பல இடங்களில் எழுதுகிறார்களே?

அப்படிச் சொல்லாதீர்கள். கிராங் என்பது சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் வளைந்த தண்டு. துருக்கியில் உள்ள ஹியராபோலிஸ் நகரில் ஒரு கல்லறைப் பெட்டியில் 3-ஆம் நூற்றாண்டுச் சிற்பம் இருக்கிறது. நீர்ச்சக்கரத்தால் இயங்கும் கல் அறுக்கும் ரம்பத்தைக் காட்டுகிறது. அதில் கிராங்கும் இணைப்புத் தண்டும் இருந்ததாகவே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். இல்லாத பெருமையை ஏற்றினால், இருக்கிற பெருமையையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

அவருடைய இரட்டை உருளைப் பம்பைப் பாருங்கள், அதுவே போதும். நீர்ச்சக்கரம் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பற்சக்கரத்தின் முகத்தில் மையம் விலகிய ஒரு முளை. அந்த முளை, காடி வெட்டிய ஒரு நெம்புகோலை இடமும் வலமும் ஆட்டுகிறது. எதிரெதிராகப் படுத்திருக்கும் இரண்டு உருளைகளில் ஒன்று உறிஞ்சும்போது மற்றொன்று தள்ளுகிறது. இரண்டின் தண்ணீரும் ஒரே குழாயில் சேர்ந்து மேலே போகிறது. பிஸ்டனில் கசியாமல் இருக்க இரண்டு தட்டுகளுக்கு நடுவே சணல் நார் திணித்திருக்கிறார். இன்றும் பழைய பம்புக்கு நம் ஊர் மெக்கானிக் சணல் சுற்றுகிறாரே, அதே கை.

இன்னொன்று. வால்வின் அடைப்பானையும் அது அமரும் இடத்தையும் எமரித் தூள் போட்டு ஒன்றோடொன்று தேய்த்து நீர் கசியாமல் பொருத்துவதை விவரிக்கிறார். என்ஜின் வால்வை அமர்த்த நான் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது இதைத்தான். 1206-இல் எழுதி வைத்திருக்கிறார்.

கேள்வி: அவருக்கு முன்னால் யாரும் இல்லையா?

இருந்தார்கள். 9-ஆம் நூற்றாண்டு பாக்தாதின் பனூ மூசா சகோதரர்கள் மூவர், சுமார் நூறு கருவிகளை விவரித்தவர்கள். அவர்களைத் தன் முன்னோடிகளாக அல்-ஜசரி அறிந்திருந்தார். அந்த மூவரும் வடிவியலிலும் நூல் எழுதியவர்கள்.

கேள்வி: சார், என் மகள் பத்தாம் வகுப்பு. 'அல்ஜீப்ரா' என்ற சொல் அரபி என்கிறாள். பொருள் என்ன?

சரியாகச் சொல்கிறாள் அம்மா. 'அல்-ஜப்ர்' என்றால் முறிந்ததைச் சேர்த்து வைப்பது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதற்கும் அதே சொல். சுமார் 820-இல் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலிருந்து வந்தது. அவர் குறியீடே இல்லாமல் முழுக்கச் சொற்களால் எழுதினார். அவருடைய புகழ்பெற்ற கணக்கு: ஒரு வர்க்கமும் அதன் மூலத்தின் பத்து மடங்கும் சேர்ந்து 39, மூலம் எவ்வளவு?

மகளிடம் தாளும் கத்தரியும் கொடுங்கள். தெரியாத பக்கமுள்ள ஒரு சதுரம் வெட்டச் சொல்லுங்கள். பத்து மடங்கை இரண்டாகப் பிரித்து, அகலம் ஐந்தான இரண்டு செவ்வகங்களை இரு பக்கத்தில் ஒட்டுங்கள். இப்போது பரப்பு 39. மூலையில் ஐந்துக்கு ஐந்து காலியிடம் தெரியும். 25-ஐ வைத்து அடைத்தால் முழுச் சதுரம், பரப்பு 64, பக்கம் 8. ஐந்தைக் கழித்தால் விடை 3. அந்த நூலின் பெரும்பகுதி வாரிசுகளுக்குச் சொத்துப் பிரிக்கும் கணக்குகள் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கணக்கு தெரிந்தவர்களும் கைத்தொழிலாளிகளும் பேசிக்கொண்டார்களா?

பேசினார்கள், சண்டையும் போட்டார்கள். 10-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா, கைவினைஞர்களுக்காகவே ஒரு வடிவியல் நூல் எழுதினார். கணிதரும் கைவினைஞரும் கூடிய கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்வியை அதில் சொல்கிறார்: சமமான மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி? கைவினைஞர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். அதில் புதிய பக்கம், பழைய பக்கமும் அரை மூலைவிட்டமும் சேர்ந்தது, அதாவது 1.707. வேண்டியதோ மூன்றின் வர்க்கமூலம், 1.732. கண்ணுக்குச் சரியாகத் தெரியும், ஆனால் தவறு. கணிதர்கள் கோட்டால் நிறுவிவிட்டு, வெட்டும் வழியைப் பற்றிக் கவலைப்படவில்லை. இரு தரப்பின் குறையையும் அபுல் வஃபா சுட்டிக்காட்டுகிறார்.

அவருடைய வழி: இரண்டு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டுங்கள், நான்கு முக்கோணம். மூன்றாவதை நடுவில் வையுங்கள். ஒவ்வொரு முக்கோணத்தின் நீண்ட பக்கத்தையும் நடுச் சதுரத்தின் ஒரு பக்கத்தோடு, மூலையிலிருந்து தொடங்கி, ஒரே சுற்றில் ஒட்டுங்கள். காற்றாடி போலத் தெரியும். வெளியே நிற்கும் நான்கு செங்கோண முனைகளை நேர்கோட்டால் இணைத்து, வெளியே நீட்டியதை வெட்டி உள்ளே உள்ள இடைவெளியில் வையுங்கள். அச்சாகப் பொருந்தும்.

கேள்வி: பை (π), அதாவது வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண், அதன் மதிப்பை அக்காலத்தில் மிகத் துல்லியமாகக் கணக்கிட்டவர் யார்?

இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள சமர்கண்டில் கணிதர் அல்-காஷி, 1424-இல், 16 தசம இடங்கள். பிரபஞ்சத்தின் விட்டம் பூமியின் விட்டத்தைப் போல ஆறு லட்சம் மடங்கு என்று வைத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய வட்டத்தின் சுற்றளவிலும் பிழை ஒரு குதிரைமயிரின் கனத்தைத் தாண்டக்கூடாது என்று முதலில் தீர்மானித்தார். அதற்கு வட்டத்தை ஒட்டி வரையும் பலகோணத்துக்கு எத்தனை பக்கம் வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்: 80,53,06,368 பக்கங்கள். நல்ல பொறியாளர் வேலை தொடங்குமுன் கேட்கும் கேள்வி, எவ்வளவு பிழை தாங்கும் என்பதுதான்.

கேள்வி: மூழ்கும் கிண்ணத்தை வீட்டில் செய்து பார்க்கலாமா அண்ணா?

அவசியம் செய்யுங்கள் தம்பி. நேர்ச்சுவருள்ள மெல்லிய எவர்சில்வர் கிண்ணம், பெரிய வாளியில் வடிகட்டிய தண்ணீர். துளையை முடிந்தவரை சிறியதாகப் போடுங்கள். எங்கள் மாணவர்கள் ஒரு முறை அவசரப்பட்டுப் பெரிய துளை போட்டு, அரை மணி எதிர்பார்த்த கிண்ணம் பத்து நிமிடத்தில் மூழ்கியது. விட்டம் இரட்டித்தால் தண்ணீர் வரத்து நான்கு மடங்கு. சிறிய துளையை ஊசியால் பெரிதாக்கலாம். பெரிய துளைக்கு ஈயம் வைத்து அடைத்து மறுபடி துளைக்க வேண்டும். துளையைச் சுற்றி நிற்கும் பிசிறை நுண்ணிய உப்புத்தாளால் எடுத்துவிட்டு, குறைந்தது ஐந்து முறை நேரம் பார்த்து எழுதுங்கள். எண்கள் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள்.