காற்றடித்த மறுநாள் வந்த ஆட்கள்: கேள்வி-பதில்

கே: அஸ்பெஸ்டஸ் கூரை வெடித்திருக்கிறதா என்று மேலே ஏறிப் பார்க்கலாமா? (வாழைச்சேனை)

ப: ஏறாதீர்கள். சீற் முறிந்தால் நீங்கள் விழுவது வீட்டுக்குள்தான்.

கே: மறுநாளே இரண்டு பேர் வந்து "உங்கட கூரை முழுக்கப் போயிற்று" என்று சொல்லி 40,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார்கள். இப்போது போன் எடுக்கிறார்களில்லை. தனியே இருக்கிறேன், வயது 67. (ஆரையம்பதி)

ப: அம்மா, உங்களில் பிழையில்லை, பயந்த நேரம் பார்த்து வந்திருக்கிறார்கள். அந்தப் போன் நம்பரோடு பொலிசில் முறைப்பாடு கொடுங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். கூரையை நீங்களே உள்ளே நின்று பார்க்கலாம். பகலில் லைட்டை அணைத்து, கதவு யன்னலைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள், பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வந்தால் அதுதான் ஓட்டை. கைமரத்திலும் சுவரின் மேல் விளிம்பிலும் ஈரக் கறை இருக்கிறதா பாருங்கள். பல்ப் பக்கம் தண்ணீர் வடிந்திருந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

கே: தகரத்தில் அடித்த ஆணியெல்லாம் எழும்பிவிட்டது. தடித்த தகரம் வாங்கினால் சரியா? (திருக்கோவில்)

ப: எல்லாரும் தகரத்தையே விசாரிக்கிறார்கள், ஆணியை ஒருவரும் கேட்பதில்லை! 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பிலும் இதே கதைதான். காற்று தாழ்வாரத்துக்குள் புகுந்து கீழிருந்து தூக்கும், வெறும் ஆணி வழுகிக் கழன்றுவிடும். ரப்பர் வாசர் போட்ட ஸ்குரூ வாங்குங்கள், நெளி தகரமென்றால் மேட்டில் முடுக்கச் சொல்லுங்கள், பள்ளத்தில் முடுக்கினால் மழைத் தண்ணீர் அந்த ஓட்டைக்கு மேலால்தான் ஓடும். முகட்டிலும் தாழ்வார ஓரத்திலும் நெருக்கமாக வேண்டும். கைமரம் சுவரோடு இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் கூரை மரத்தோடு போகும். நான் ஒருமுறை இதையெல்லாம் விட்டுவிட்டு, ஒழுக்கை நிறுத்தும் என்று ஒரு டின் பூச்சு வாங்கிப் பூசினேன். அடுத்த மாரியில் குசினிக்குள் இரண்டு வாளி வைத்தேன்.

கே: மலிவென்று பற்றுச்சீட்டு இல்லாமல் 12 சீற் வாங்கினேன். இரண்டில் வெடிப்பு. மாற்றித் தரமாட்டார்களாம். (கல்முனை)

ப: ஏற்றும்போது பார்க்கவில்லை, சீட்டும் கேட்கவில்லை, இப்போது என்னத்தைக் காட்டி மாற்றுவீர்கள்? சரி, நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற போன் நம்பரில் சொல்லிப் பாருங்கள். முதலில் கேட்பது சீட்டைத்தான்.

கே: வீட்டுக்குக் காப்புறுதி உண்டு. உடனே திருத்தலாமா? (ஏறாவூர்)

ப: முதலில் படம் எடுங்கள், கம்பனிக்கு அறிவியுங்கள். அதுவரை தறப்பாள் போதும், அதன் பில்லையும் வையுங்கள்.