பழைய சாமான்களை வைத்தே வீட்டைக் கிராமத்துச் சாயலில் எளிதாக அலங்கரிப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் வாடகை வீட்டில் இருக்கிறார். சுவரில் நிறைய ஆணி அடிக்க முடியாது, பெரிய செலவும் கூடாது, ஆனால் வீடு நம் ஊர் ஓட்டுவீட்டை நினைவுபடுத்த வேண்டும் என்கிறார். எங்கள் வீடும் வாடகை வீடுதான். கூடத்தில் இருக்கும் பாதிப் பொருட்கள் வேறு யாரோ வேண்டாம் என்று ஒதுக்கியவை. அதனால் செய்து பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்த மாதிரி பொருட்களுக்கு அழகு தருவது அவை புழங்கிய தடம். கைபட்டு வழவழப்பான பிடி, தேய்ந்த விளிம்பு, மங்கிய பித்தளை, இதெல்லாம்தான் நாம் தேடுவது. கடையிலிருந்து வந்ததும் பளபளவென்று பெயின்ட் அடித்து, லேஸ் ஒட்டி, மணி கோத்துவிட்டால் அந்தத் தடம் போய்விடும். ஆகவே வேலை குறைவு: அழுக்கை எடுங்கள், பூச்சி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பொருளுக்கு ஒரு புது உபயோகம் கொடுங்கள். அவ்வளவுதான்.

எங்கே தேடுவது? முதல் இடம் பரண். அம்மா வீட்டுப் பரண், மாமியார் வீட்டுப் பரண், ஊரில் பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகை. கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள். அடுத்தது போகிக்கு முந்தைய வாரம். வீட்டை ஒழிக்கும்போது சொளகு, கூடை, முக்காலி, அரிக்கேன் விளக்கு என்று தெருவுக்கு வந்துவிடும். எரிப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அப்புறம் காயலான் கடை, பழைய பேப்பர் கடை, இடித்த வீட்டின் கதவு ஜன்னல் விற்கும் பழைய மரக்கடை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவைப் பலரும் சொல்வார்கள். அங்கே செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண், எனாமல் பாத்திரம், பர்மா தேக்குக் கதவு எல்லாம் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அவர்களுக்குப் பொருளின் மதிப்பு நன்றாகத் தெரியும். குறைந்த செலவுக்கு அது இடமில்லை. கண்ணைப் பழக்கிக்கொள்ள ஒருமுறை போய்வரலாம்.

இனி செய்யக்கூடியவை. எனக்கு மிகவும் பிடித்தது உறி. வெண்ணெயும் தயிரும் பூனைக்கு எட்டாமல் தொங்கவிட்ட அதே உறிதான். இன்று முடிச்சுப் போட்ட நூல் தொங்கலைச் செடி வைக்க நிறைய விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் பாட்டிகள் கயிற்றில் அதைத்தான் செய்தார்கள். நான்கு கயிறுகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் உறி தொங்க வேண்டிய நீளத்தைப் போல மூன்று மடங்கு இருக்கட்டும். மூன்று அடிக்குத் தொங்க வேண்டும் என்றால் ஒன்பது அடிக் கயிறு. நான்கையும் ஒரு பழைய இரும்பு வளையத்தில் கோத்து இரண்டாக மடித்து, வளையத்துக்குக் கீழே இறுக்கிக் கட்டினால் எட்டு இழைகள் வரும். அவற்றை இரண்டிரண்டாகப் பிரித்து, பானையின் கழுத்து வரும் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நான்கு முடிச்சுகள். அடுத்து ஒரு சாண் இறக்கி, ஒரு ஜோடியில் ஓர் இழையும் பக்கத்து ஜோடியில் ஓர் இழையும் எடுத்து மறுபடி நான்கு முடிச்சுகள். கடைசியில் எட்டையும் சேர்த்து அடியில் ஒரே முடிச்சு. பானையை வைத்துப் பார்த்துவிட்டு அடிமுடிச்சை இறுக்குங்கள். அது கொஞ்சம் கோணினால் பானை சாய்ந்து நிற்கும்.

கயிறு எது என்பதும் முக்கியம். செடி வைத்துத் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தால் தேங்காய் நார்க் கயிறு. அது எளிதில் மக்காது. சணல் கயிறு பார்க்க மென்மையாக இருக்கும், ஆனால் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் சீக்கிரம் இற்றுவிடும். அதை உலர்ந்த பொருள் வைக்கும் உறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பானையில் வெறும் மண்ணை நிரப்பினால் கனம் அதிகம். பாதிக்குத் தென்னை நார்க்கழிவைக் கலந்தால் எடை குறையும். எங்கே மாட்டுவது என்ற கவலை பல வீடுகளில் தேவையே இல்லை. தூளி கட்டவோ ஊஞ்சல் போடவோ கூரையில் கொக்கி விட்டிருப்பார்கள், சும்மா கிடக்கும் அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது பஞ்சாரம். கோழியையும் குஞ்சுகளையும் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை. பழையதாக, புகை படிந்து பழுப்பேறியது கிடைத்தால் விடாதீர்கள். நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, உச்சித் துளை வழியாக வயரை இறக்கி ஒரு பல்பு ஹோல்டரைத் தொங்கவிட்டால் அருமையான விளக்கு மூடி. இரவில் சுவர் முழுக்க மூங்கில் பின்னலின் நிழல் விழும். எந்தக் கடை விளக்கிலும் எனக்கு அந்த நிறைவு வந்ததில்லை. இதில் இரண்டு விஷயங்களை விட்டுவிடக் கூடாது. எல்.இ.டி. பல்பு மட்டுமே போட வேண்டும். சூடாகும் பழைய குண்டு பல்பு மூங்கிலுக்குப் பக்கத்தில் ஆபத்து. வயரிங் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். பல்பின் அட்டையில் 2700 கெல்வின் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மஞ்சள் சாய்ந்த அந்த வெளிச்சத்தில்தான் மண்ணும் மரமும் மூங்கிலும் அவற்றின் நிறத்தோடு தெரியும். வெள்ளை வெளிச்சத்தில் எல்லாமே ஆஸ்பத்திரி வராண்டா போல ஆகிவிடும்.

மரம் வேண்டுமென்றால் பேக்கிங் பெட்டிகளும், சரக்கு அடுக்கும் மரப் பலகைத் தட்டுகளும்தான் மலிவு. ‘பேலட்’ என்று கேட்டால் தருவார்கள். வாங்கும்போது பக்கவாட்டில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாடு போய்வரும் மரப் பெட்டிகளுக்குப் பூச்சி பரவாமல் இருக்க ஒரு சர்வதேச விதி உண்டு. கோதுமைக் கதிர் படத்துக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். எச்.டி. (HT) என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிடம் நிற்கும்படி சூடேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அது நல்லது. எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டிய மரம், வேண்டாம். உள்ளூரிலேயே புழங்கும் தட்டுகளில் முத்திரை இருக்காது. எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தால் தொடாதீர்கள்.

இந்த மரம் வெளுப்பாக, புதிதாகத் தெரியும். அதைப் பழமையாக்க வார்னிஷ் தேவையில்லை. துருப்பிடித்த ஆணிகளை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு வெள்ளை வினிகர் ஊற்றி இரண்டு மூன்று நாள் வையுங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு உண்டாகும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் கம்பி நார் இதற்கு உதவாது, அது கரையாது. மரத்தின் மீது முதலில் கெட்டியான டீ டிகாஷனைத் தடவிக் காயவிடுங்கள். அப்புறம் வினிகரைத் துணியில் வடிகட்டித் தடவினால், டீயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் மரம் சாம்பலும் பழுப்புமாக மாறும். பல வருடம் மழையிலும் வெயிலிலும் கிடந்த நிறம். மேலே பூசும் வண்ணமாக இல்லாமல் மரத்துக்குள்ளேயே நடக்கும் மாற்றம் என்பதால் உரிந்து வராது. முதலில் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள், மரத்துக்கு மரம் நிறம் மாறும். இப்படிச் செய்த ஒரே பலகையில் நான்கைந்து பழைய கதவுக் கொண்டிகளைப் பதித்தால் சாவியும் பையும் மாட்டும் பலகை தயார்.

பழைய ஜன்னல் சட்டம் கிடைத்தால் நடுவில் கண்ணாடி வைக்கலாம், கம்பிகள் இருந்தால் குடும்பப் போட்டோக்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிடலாம். கனமானதைச் சுவரில் மாட்டாமல் தரையிலோ மேஜையிலோ சாய்த்து வைப்பதே அழகு. வீட்டில் குழந்தை இருந்தால் மட்டும் மேல்பக்கம் ஒரு கயிற்றால் பிணைத்துவிடுங்கள். ஆனால் பழைய மரத்தில் கவனிக்க இரண்டு உண்டு. ஒன்று, வண்டு. குண்டூசி அளவு துளைகளும், தட்டினால் மாவு போலத் தூளும் கொட்டினால் உள்ளே புழு இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மரச் சாமான்களுக்கும் பரவும். லேசாக இருந்தால் பூச்சை எடுத்துவிட்டு வெறும் மரத்தின் மேல் வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் பவுடரும் வெந்நீரில் கரைத்துத் தடவலாம். மோசமாக உளுத்திருந்தால் விட்டுவிடுங்கள். ஓட்டுவீட்டு உத்திரங்களுக்கு முந்திரிக்கொட்டையின் மேலோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசும் வழக்கம் உண்டு. அது தோலில் பட்டால் புண்ணாக்கும், ஆகவே கை படும் பொருளுக்கு வேண்டாம்.

இரண்டாவது, பெயின்ட். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல், தொட்டில் எதிலும் ஈயம் நிறைய இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். உரிந்து தொங்கும் பச்சைப் பெயின்ட் புகைப்படத்தில் அழகுதான், ஆனாலும் அப்படியே வீட்டுக்குள் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். காய்ந்த நிலையில் சுரண்டவோ உப்புத்தாள் போடவோ கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்தபடி, வீட்டுக்கு வெளியே, தூசி தடுக்கும் நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு தேயுங்கள். குழந்தைகளோ கர்ப்பிணிகளோ இருக்கும் வீட்டில் பெயின்ட் அடித்த பழைய மரத்தைத் தவிர்த்து, வெறும் மரமாக உள்ளதை மட்டும் எடுங்கள். வெறும் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு போதும். பூசிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள்.

துணியில் எளிது, பழைய நூல் சேலை மிதியடி. இரண்டு அங்குல அகலத்துக்குக் கிழியுங்கள். கத்தரியைவிடக் கையால் கிழித்தால் நூல் போன வழியே நேராக வரும். மூன்று பட்டைகளைச் சடை பின்னி, நத்தையோடு போலச் சுற்றிக்கொண்டே தடித்த நூலால் தைக்க வேண்டும். சுற்றும்போது இழுத்துப் பிடிக்காதீர்கள், இழுத்தால் மிதியடி தட்டையாக உட்காராமல் கிண்ணம் மாதிரி குவியும். பாலியஸ்டர் சேலை வேண்டாம், வழுக்கும், ஈரமும் உறிஞ்சாது. சாக்குத் துணியை வெட்டும் முன் வெட்டப்போகும் கோட்டில் ஃபெவிகால் தடவிக் காயவிட்டால் நூல் பிரியாது. காப்பிக்கொட்டை வந்த சாக்கில் எழுத்துகள் அச்சாகியிருக்கும், அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி மேஜை விரிப்போ தலையணை உறையோ தைக்கலாம்.

பால் பவுடர் டின்னில் ஓட்டை போட்டு அகல் விளக்குக்கு மூடி செய்வதாக இருந்தால், முதலில் டின்னில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் உறையவையுங்கள். பனிக்கட்டி உள்ளே தாங்குவதால் ஆணி அடிக்கும்போது டின் நசுங்காது. கோலப் புள்ளி வரிசையிலேயே ஓட்டை போட்டுவிடலாம்.

சின்னச் சின்னவை பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956இல் வந்தது. அதற்கு முந்தைய படி, உழக்கு கிடைத்தால் மேலே குத்திய முத்திரைகள் தெரியும்படி பேனா வைக்கவும் கரண்டி வைக்கவும் பயன்படுத்துங்கள். அவற்றில் ஓட்டை மட்டும் போடாதீர்கள். கீறல் விழுந்த ஊறுகாய் ஜாடியில் காய்ந்த தாமரைக் காய், கம்பங்கதிர், நாணல் பூ நிற்கும். கதிர்களை நன்றாக வெயிலில் காயவைத்தபின் உள்ளே கொண்டுவாருங்கள், இல்லையென்றால் வண்டு வரும். மங்களூர் ஓட்டின் பின்பக்கத்தில் ஓட்டுக் கம்பெனியின் பெயரும் ஊரும் புடைப்பாக இருக்கும். 1860களில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் தொடங்கி வைத்த தொழில் அது. பெயர் தெரியும்படி இரண்டு மூன்று ஓடுகளைச் செடிகளுக்குப் பின்னால் சாய்த்தால் போதும், ஒன்றும் வரைய வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே அறையில் குவிக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள். ஒரு கூடத்துக்கு ஒரு பெரிய பொருள், அதைச் சுற்றி மூன்று நான்கு சிறியவை, மீதி வெறுமையாக இருக்கட்டும். கையில் பணம் குறைவென்றால் பஞ்சார விளக்கையும் ஒரு உறியையும் முதலில் செய்யுங்கள். இரண்டும் கூரையில் தொங்குவதால் வீட்டுக்காரர் சுவரைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது, வீடு மாறும்போது கழற்றி எடுத்துப்போகவும் எளிது. மழைக்காலம் முடிந்ததும் சாக்கு, கூடை, கயிறு எல்லாவற்றையும் ஒரு நாள் மொட்டை மாடி வெயிலில் போட்டு எடுங்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்க அந்த ஒரு நாள் வெயில் அவசியம்.